தோப்புக்கே வரட்டும் ரம்பம்

2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்கு முன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு முதலிய வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, உயிரோடு மீண்ட குடியானவரின் முன்னே நின்ற கேள்விகளுள் ஒன்று, வீழ்ந்து கிடக்கும் மரத்தை என்ன செய்வது என்பது. அரசாங்கம் மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் என்று கணக்கிட்டு, ஹெக்டேருக்கு 175 மரம் என்ற விகிதத்தில் 1,92,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்த நேரத்தில் அது அவசியமான உதவி. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், ஒரு தலைமுறைக் காலம் நின்று காய்த்த மரத்தை வழியை அடைத்துக் கிடக்கும் பாரமாகக் கருதி அகற்றுவதைத் தவிர வேறு மார்க்கம் பெரும்பாலோருக்கு இல்லாமற் போயிற்றே என்ற வருத்தம் இன்றளவும் எனக்கு ஆறவில்லை. அந்த மரங்களுள் பல விறகாகப் போயின. பல தோப்போரத்திலேயே கிடந்து மக்கின. மக்கும் தென்னந்தண்டோ காண்டாமிருக வண்டுக்குப் பிறப்பிடம். அங்கே பெருகும் வண்டு, நஷ்டத்தோடு நஷ்டமாகக் கடன் வாங்கி நட்ட புதுக் கன்றின் குருத்தையே துளைக்கும்.

வட்டாரத்துக்கு ஒன்றாவது, டிராக்டரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க ஒரு சிறிய மர அறுவை யந்திரம் அன்றைக்கு இருந்திருக்குமானால், வீழ்ந்த மரங்களில் முதிர்ந்தவையேனும் கைமரமாகவும் சட்டமாகவும் பலகையாகவும் மாறி, கூரை பறந்த வீடுகளுக்கும் மாட்டுக் கொட்டகைகளுக்கும் அந்தந்த ஊரிலேயே உபயோகப்பட்டிருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். புயற்காலத்துக்கு மட்டுமல்ல, சாதாரண காலத்துக்கும் இது பொருந்தும். வரப்பில் நிற்கும் தேக்கும், கொல்லையில் நிற்கும் வேம்பும் பூவரசும், வாய்க்காற்கரை வாகையும், காய்ப்பு நின்ற மாவும் பலாவும் விலைபோகும் முறையைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள். வியாபாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்து, கண்மதிப்பாக ஒரு தொகை சொல்கிறார். வெட்டுக் கூலி, ஏற்றுக் கூலி, லாரி வாடகை எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. டவுன் மரவாடிக்குப் போய் அறுபட்டுப் பலகையாகித் திரும்பும்போது, கன அடிக் கணக்கில் அது வேறொரு சரக்கு, வேறொரு விலை. இரண்டு மூன்று மரம் மாத்திரமே உடையவர் நிலையோ இன்னும் பரிதாபம். லாரி கொள்ளாத சரக்குக்கு லாரி வராது. ஆகவே, வைரம் பாய்ந்த வேப்பங்கட்டைகூட அடுப்புக்குப் போகிறது. மகள் கல்யாணத்துக்குக் கட்டில் வேண்டியபோது அவரே கடைக்குப் போய் ஒட்டுப் பலகையில் செய்ததை வாங்கி வருகிறார்.

மரம் நின்ற இடத்திலேயே அறுப்பது நமக்குப் புதிய விஷயமுமன்று. ரம்ப மில்கள் டவுனுக்கு வருமுன் மரம் அறுக்கும் ஆட்கள்தாம் ஊர் ஊராகப் போனார்கள். தரையில் பள்ளம் தோண்டி, அதன் குறுக்கே கட்டையை ஏற்றி, கரிக்குழம்பிலோ காவியிலோ தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் தூக்கி விட்டால், கட்டையின் மேல் மயிரிழை போன்ற நேர்கோடு விழும். மேலே ஒருவர், பள்ளத்துக்குள் ஒருவராக நின்று, அந்தக் கோடு பிசகாமல் நீண்ட வாளை ஏற்றியும் இறக்கியும் அறுப்பார்கள். கீழே நிற்பவரின் தலையிலும் கண்ணிமையிலும் மரத்தூள் படிந்துகொண்டே இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் கை ஓயாத அந்த உழைப்பை மீண்டும் எவர்மேலும் சுமத்த நான் விரும்பவில்லை. ஆனால் யந்திரம் வந்தபோது அந்தச் சிரமத்தோடு சேர்த்து, மரத்தைத் தேடி வாள் போகும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட்டோம். அது திரும்ப வேண்டும்.

சிறிய அறுவை யந்திரத்தைத் தாமே செய்துகொள்ள எண்ணுபவரும், விலைக்கு வாங்க எண்ணுபவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வகை ரம்பம் என்பது. மிகக் குறைந்த செலவில் தொடங்கக்கூடியது, மரம் வெட்டும் சங்கிலி ரம்பத்தின் அலகில் ஒரு இரும்புச் சட்டகத்தைப் பொருத்தி, கட்டையின் நீளவாக்கில் தள்ளிக்கொண்டு போகும் முறை. அதற்குச் சங்கிலியே வேறு. குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க அதை 10 பாகைக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். இல்லாவிடில் எஞ்சின் சூடேறித் திணறுவதும் பலகையின் முகம் கரடுமுரடாவதுமே பலன். தூக்கிப் போக எளிதாயினும் இந்த முறையில் ஒவ்வொரு அறுப்பிலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மரம் தூளாகிவிடுகிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கட்டை அறுப்பவருக்கு இது போதும்; அதற்கு மேல் வேலை உள்ளவர்க்கு ஆகாது.

வட்ட ரம்பம் நம் மரவாடிகளில் எல்லாரும் பார்த்தது, உறுதியானது, சாணை பிடிப்பதும் சுலபம். அதன் குறை, பருத்த கட்டைக்குப் பெரிய தட்டு வேண்டும் என்பதும், பெரிய தட்டு தடித்திருக்க வேண்டும் என்பதும், தடித்த தட்டு மரத்தைத் தின்னும் என்பதும். பன்னிரண்டு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை ஒரு அங்குலப் பலகைகளாக அறுப்பதாக வைத்துக்கொள்வோம். அறுப்புக்குக் கால் அங்குலம் தூளாக்கும் வட்ட ரம்பத்தில் அதிலிருந்து ஒன்பது பலகை வரும். இரண்டு மில்லிமீட்டர் மாத்திரமே தின்னும் பட்டை ரம்பத்தில், அதாவது இரு சக்கரங்களைச் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டையில், பதினொன்று வரும். ஒரு கட்டைக்கு இரண்டு பலகை மிச்சம் என்றால், கொல்லையில் மரம் வைத்திருப்பவருக்கு அது சாமானியமான லாபமன்று. இவ்வளவு மெல்லிய அறுப்புக்கு அதிகக் குதிரைத்திறனும் வேண்டியதில்லை. பத்து முதல் பதினைந்து குதிரைத்திறன் கொண்ட எஞ்சினே போதுமானது. ஆகவேதான், 1982இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிய உட்-மைசர் முதற்கொண்டு, நடமாடும் அறுவை யந்திரம் செய்யும் கம்பெனிகள் பலவும் பட்டை ரம்பத்தையே பிரதானமாகக் கொண்டன. என் வோட்டும் அதற்கே.

பட்டை ரம்பம் இருநூறாண்டுக்கு மேல் பழைய கற்பனை. லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், முனைகளை இணைத்த பட்டை திரும்பத் திரும்ப அந்த இணைப்பிலேயே அறுந்துபோனதால், பல ஆண்டுகள் அது பிரயோஜனமற்றுக் கிடந்தது. 1846இல் பிரான்ஸ் தேசத்துக் கிரெப்பின் என்னும் பெண்மணி, அறாதபடி பட்டையைப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே அது உபயோகத்துக்கு வந்தது. வீட்டில் செய்யும் யந்திரத்துக்கும் இன்றைக்கும் அபாயம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒட்டு வேலை தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் பட்டையை உள்ளூர்ப் பட்டறையில் இணைத்துக்கொள்ள நினைப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது, எதில் மிச்சம் பிடித்தாலும் பட்டையில் மாத்திரம் பிடிக்காதீர்கள் என்பதே. அதைத் தேர்ந்த கம்பெனியிலிருந்து இணைத்த நிலையிலேயே வாங்குங்கள்.

மற்றவற்றை நம் டவுன்களின் லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் தாராளமாகச் செய்யக்கூடும். இரண்டு சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டகம், சட்டகத்தை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டு, கீழே தண்டவாளம், கட்டையைப் பிடித்து நிறுத்தும் கவ்விகள் ஆகிய இவ்வளவே அதன் அங்கங்கள். சக்கரத்தின் குறுக்களவில் சிக்கனம் செய்யக்கூடாது. ஒரு மில்லிமீட்டர்ப் பட்டைக்கு 19 அங்குலச் சக்கரமாவது வேண்டும்; அதிலும் சிறியதாயின், ஒவ்வொரு சுற்றிலும் பட்டை அளவுக்கு மீறி வளைந்து நிமிர்ந்து, விரைவிலேயே பற்களின் அடியில் கீறல் விடும். 19 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஐந்தடி. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் பட்டை ஐயாயிரம் அடி வேகத்தில் ஓடும். அறுப்புக்கு வேண்டிய வேகம் அதுவே. பழைய காரின் சக்கரத்தை டயரோடு பொருத்திவிடும் உபாயம் பல தேசங்களிலும் வழக்கத்தில் இருக்கிறது. டயரின் நடு மேடு பட்டையை விலகாமல் வைத்துக்கொள்ள உதவுகிறது என்பது மெய். ஆனால் தேய்ந்த டயர் முழுவட்டமாக இராது. ஆட்டமுள்ள சக்கரத்தில் ஓடும் பட்டை பலகையில் அலை அலையாகத் தடம் விடுவதைப் பார்த்தவர்கள், லேத்தில் கடைந்த சக்கரத்துக்கு ஆகும் செலவை நொந்துகொள்ள மாட்டார்கள்.

நம் குடியானவர்கள் உடனே கேட்பது, டிராக்டரைக் கொண்டு ஓட்டலாமா என்பது. ஓட்டலாம். டிராக்டரின் பின்னே பூட்டும் யந்திரங்களைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புல்லி பொருத்தினால் நமக்கு வேண்டிய ஆயிரத்தை எட்டிவிடும். ஆனால் அப்போது டிராக்டரோடு பிணைந்த ரம்பம் நகர முடியாதாகையால், கட்டையை வண்டியில் ஏற்றி ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டியிருக்கும். அரை டன் எடையுள்ள பச்சை வாகைக் கட்டையை அப்படி முன்னும் பின்னும் தள்ளுவது ஆளுக்கும் கஷ்டம், தண்டவாளத்துக்கும் கஷ்டம். எஞ்சினை ரம்பச் சட்டகத்தின் மேலேயே ஏற்றிவிட்டால், கட்டை அசையாமல் கிடக்க, ரம்பம் அதன் மேல் நடந்துவிடும். ஆதலால், தென்னை போன்ற ஒல்லிக் கட்டைகளுக்கு டிராக்டர் முறை சரி. மற்ற மரங்களுக்கு நடக்கும் ரம்பமே உசிதம். எந்த முறையாயினும், தண்டவாளம் அட்சரசுத்தமாக நேராக இருக்க வேண்டும். அதில் உள்ள தொய்வு ஒவ்வொரு பலகையிலும் அப்படியே இறங்கும். கட்டையின் இருபுறமும் பட்டையைத் தாங்கும் உருளைகள் கட்டையை ஒட்டி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும்; இதை மறப்பவர்களே, பட்டை மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள்.

தென்னையின் விஷயம் தனியே சொல்லத்தக்கது. அதற்குக் கிளையில்லை, ஆகவே பலகையில் கணுவில்லை. ஆண்டு வளையமும் இல்லை. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்க, தென்னையில் அது வெளிச்சுற்றில் இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் அடிப்பாகத்து வெளிச்சுற்று, கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேற்பட்ட எடையோடு கருஞ்சிவப்புக் கீற்றுகள் ஓடத் திண்ணென்று இருக்கும். உள்ளீடோ 400 கிலோவுக்குக் குறைந்து, வெளுத்து, பச்சையாக அறுக்கும்போது நீரைத் தெறிக்கும். இதை அறியாமல் பூவரசை அறுப்பதுபோல் ஓரம் தொடங்கி ஓரம்வரை ஒரே சீராக அறுத்துப் போட்டால், ஒரே பலகையில் பாதி இரும்பும் பாதி பஞ்சுமாகி, காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். சுற்றிலும் உள்ள கடினப் பகுதியை முதலில் எடுத்துக் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் ஒதுக்கி, உள்ளீட்டைப் பாரம் தாங்காத வேலைகளுக்கு வைத்துக்கொள்வதே முறை. அந்த வெளிச்சுற்று சாதாரண எஃகுப் பல்லை வெகு சீக்கிரத்தில் மழுக்கிவிடும். பல்லின் நுனியில் ஸ்டெல்லைட் என்னும் கடின உலோகம் வைத்த பட்டையோ, டங்ஸ்டன் கார்பைடு வைத்த வட்ட ரம்பமோ வேண்டும். தென்னையை மாத்திரமே அறுக்கப்போகிறவருக்கு மேலே நான் சொன்ன தீர்ப்பு பொருந்தாது. படுக்கையாகவும் செங்குத்தாகவும் திரும்பி அறுக்கும் சிறிய வட்ட ரம்பம் பூட்டிய, ஆஸ்திரேலியாவின் லூக்காஸ் மில் போன்ற யந்திரமே அவருக்கு ஏற்றது.

பிலிப்பைன்ஸ் தேசத்தார் இந்த வித்தையில் நமக்கு வெகுவாக முந்திவிட்டார்கள். அங்கும் புயல் உண்டு, முதிர்ந்த தோப்பும் உண்டு. ஜம்போவாங்காவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் மரத்தை அறுப்பது, பதப்படுத்துவது, கட்டடத்துக்கு உபயோகிப்பது ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அறுபது வயதைக் கடந்த நெட்டை மரமே நல்ல சரக்குத் தரும் என்பதும், வீழ்த்திய மரத்தைப் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் பிடிக்குமுன் சில வாரங்களுக்குள் அறுத்துவிட வேண்டும் என்பதும், மருந்தூட்டாத தென்னம்பலகை மண்ணைத் தொடலாகாது என்பதும் இன்றைக்கு நன்கு நிச்சயமான விஷயங்கள். சில வாரங்களுக்குள் என்ற அந்த நிபந்தனை ஒன்றே, ரம்பம் தோப்புக்கு வர வேண்டும் என்ற வாதத்துக்குப் போதிய ஆதாரம். ஒரு மாவட்டம் முழுதும் மரம் வீழ்ந்து கிடக்கையில், ரோடும் அடைபட்டிருக்கையில், எத்தனை லாரியை எங்கிருந்து தேடுவது?

அறுத்தபின் உலர்த்துவதில் நம் முன்னோர் அனுபவம் குறைந்ததன்று. பனையையும் வேம்பையும் பூவரசையும் மாதக்கணக்கில் குளத்து நீரில் ஊறப்போட்டு எடுத்தார்கள். மரத்திலுள்ள மாவும் சாறும் நீரில் இறங்கிவிட, புழு அரிப்பது குறைந்தது. அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, முனைகளில் பெயிண்ட் பூசிவிட்டால் வெடிப்பு குறையும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு; நம் வெயிலுக்கு அதிலும் குறைவான காலமே போதும்.

அபாயத்தைப் பற்றி மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடும் பட்டை அறுந்தால் சவுக்காகச் சுழன்று வெளியே பாயும். இரு சக்கரங்களையும் தகரப் பெட்டியால் முற்றிலும் மூடாத யந்திரத்தை எவரும் ஓட்டக்கூடாது. தோளில் துண்டும் இடுப்பில் தளர்ந்த வேட்டியுமாக அதன் அருகே நிற்பது உயிருக்கு உலை வைப்பதாகும். கொல்லை மரத்தில் ஆணியும் கம்பியும் இருக்கும். மாடு கட்டிய வளையத்தை மரமே வளர்ந்து மூடியிருக்கும். அடிமரத்தின் வெட்டுமுகத்தில் நீலங்கலந்த கருங்கறை தென்பட்டால், உள்ளே இரும்பு உண்டு என்று அறிந்து, அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும்.

இனிச் சட்டம். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியின் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ஆம் தேதி பிறப்பித்த உத்தரவும், புதிய ரம்ப ஆலைகளைக் கட்டுப்படுத்தி 2002 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவும் நாட்டின் காடுகளைக் காத்தவை. அவற்றுக்கு நான் தலைவணங்குகிறேன். காட்டு மரத்தைத் திருட்டுத்தனமாக அறுக்கும் ரம்பத்துக்கு இரக்கம் காட்டலாகாது. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மாநிலக் குழுவே மரத் தொழிற்கூடங்களுக்கு அனுமதி வழங்குகிறது. ஆகவே, தாமே யந்திரம் செய்துகொள்பவர் முதல் இரும்பைப் பற்றவைக்குமுன் மாவட்ட வன அலுவலரைக் கண்டு, வேண்டிய அனுமதியை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்வது அவசியம். பனையைப் பொறுத்தவரை, வெட்டுவதற்கே ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்திருப்பதையும் மறக்கலாகாது.

ஆனால், நூற்றுக்கணக்கான டன் அறுக்கும் ஆலையையும், பத்துக் குதிரைத்திறன் எஞ்சினோடு தோப்புக்குத் தோப்பு போகும் சிறு யந்திரத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. 2014இல் வேளாண் காடு வளர்ப்புக்கென்று தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது; 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதை எளிதாக்க மாதிரி விதிகளை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. மரம் வை என்கிறோம், வெட்டிக்கொள் என்கிறோம்; அறுப்பதற்கு மட்டும் வழி சொல்லாமல் விட்டால் லாபம் எவர் கைக்குப் போகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டா நிலத்தில் வளர்ந்த, சந்தனம், செம்மரம், ஈட்டி அல்லாத மரங்களை மாத்திரம் அறுப்பது; ஒவ்வொரு கட்டைக்கும் சர்வே எண்ணோடு பதிவேடு எழுதுவது; காட்டு எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நுழையாதிருப்பது என்ற நிபந்தனைகளோடு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நடமாடும் ரம்பத்துக்கென்று தனி அனுமதி வகை ஒன்றை மாநில அரசு ஏற்படுத்த வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. டிராக்டரையும் மண்வாரி யந்திரத்தையும் மணிக்கணக்கில் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு வேளாண் பொறியியல் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் நடமாடும் மர அறுவை யந்திரத்தையும் சேர்த்து, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் தலைக்கு ஒன்றாவது, ஓட்டப் பழகிய ஆளோடும் தேவையான பட்டைகளோடும், அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தருவிக்கும்படி வேளாண் துறையையும் வனத்துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.